கலங்கரை விளக்கத்திடம் யாரும் கேட்காத கேள்வி

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பல தலைமுறைகளாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்த பழைய கலங்கரை விளக்கம், மாசி மாதத்துக் காலை ஒன்றில், தண்ணீர் தேங்கிய தெருவைக் கடக்கிற மனிதர் வேட்டியைத் தூக்கிப் பிடிப்பதுபோலத் தன் அடிப்பகுதியைச் சற்றே தூக்கிக்கொண்டு தெற்குப் பார்த்து நடக்க ஆரம்பித்தபோது, அங்கே வாக்கிங் போய்க்கொண்டிருந்த அத்தனை பேரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்களே ஒழிய, ஒருவர்கூட அதைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்கக்கூடாது. கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது எங்கள் ஊரில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். தப்பித்தவறி யாராவது கேட்டுத் தொலைத்துவிட்டால், கிளம்பியவர் திரும்பி வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். அதனால் தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் என்கிற நிலைமையில் இருப்பவர்கள் “தூரமா?” என்று மட்டும் கேட்பார்கள். கிளம்புகிறவர் “கொஞ்ச தூரந்தான்” என்பார். பாரீசுக்குப் போகிறவரும் அதையேதான் சொல்வார், பால் பாக்கெட் வாங்கப் போகிறவரும் அதையேதான் சொல்வார்.

இதில் மத பேதமெல்லாம் கிடையாது. சகுனம் பார்ப்பது பாவம் என்று பூசைக்குப் பூசை பிரசங்கம் வைக்கிற எங்கள் பங்குச் சாமியாரே, ஸ்கூட்டரை உதைக்கிற நேரத்தில் மணியடிக்கிற கோயில்பிள்ளை வாய்தவறி “எங்க சாமி?” என்று கேட்டுவிட, வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கலங்கரை விளக்கம் கிளம்பினால் யார் வாயைத் திறப்பார்கள்? சிவப்புத் தொப்பி போட்ட போக்குவரத்துப் போலீஸ்காரர் மட்டும் தன் கடமையை விட முடியாமல் அண்ணாந்து பார்த்து, “தூரமா?” என்றார். விளக்கம் தன் தலையைக் கொஞ்சமாகச் சாய்த்தது. கொஞ்ச தூரந்தான் என்று எல்லோரும் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

முதல் நாள் அது பூங்கா வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, தான் பெயர்ந்து போன குழியிலேயே நின்றுகொண்டது. மறுநாளும் கிளம்பியது. அந்தச் சாலையில் காலை ஏழரை மணி வரை வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்ல வழியில்லை. அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். அது விளக்கேற்றுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது, பணி ஓய்வு பெற்ற ஒன்று காலையில் எங்கே நடந்தால் நமக்கென்ன, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிட்டால் சரி என்று டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். மீன் விற்கும் பெண்கள், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆம்பளைக்கெல்லாம் சர்க்கரை வந்துதான் நடக்கிறான், இதுக்கும் வந்திருக்கும் என்று தீர்ப்பு சொன்னார்கள். அதைக் கேட்டு அருகம்புல் சாறு விற்கிறவர் தன் தள்ளுவண்டியைப் பூங்காவிலிருந்து குழிக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டார். சிரிப்பு மன்றத்துக்காரர்கள் அதை நடுவில் நிற்க வைத்துக் கையைத் தூக்கி ஹாஹா என்று சிரித்துக் காட்டிப் பார்த்தார்கள், அது கொஞ்ச நேரம் நாகரிகமாக நின்றுவிட்டுத் தன் வழியே போனது. குப்பத்தில் காயப்போட்ட கருவாட்டின்மேல் அதன் நிழல் விழுகிறது என்று மட்டும் ஒரு சண்டை வந்தது. பிறகு அவர்களும் நிழல் கடந்தபிறகு கருவாட்டை விரிக்கப் பழகிக்கொண்டார்கள், சண்டை போட வேறு விஷயம் கிடைத்தது.

இந்த விஷயத்தில் தூக்கம் கெட்டுப்போன ஒரே ஆள் அமலோற்பவம். அமலு என்றால்தான் எங்கள் துப்ராயப்பேட்டையில் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, மஞ்சள் சுவர் வீதிகள், மாதா கோயில், பழைய பிரெஞ்சு வீடுகள் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, கடைசியில் கடற்கரைக்கு அழைத்து வந்து கலங்கரை விளக்கத்தின் காலடியில் நடையை முடித்துவைக்கிற வேலை அவளுக்கு. விளக்கம் இல்லாத நாட்களில் அவள் கலங்கவில்லை. “நம்ம ஊரோட புகழ்பெற்ற பழைய லைட் ஹவுஸ் இதுதான், இப்ப வாக்கிங் போயிருக்கு” என்று குழியைக் காட்டினாள். வந்தவர்கள் எட்டிப் பார்த்து, பழைய சுண்ணாம்பு வாசனையை முகர்ந்து, குழியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது. சொல்லப்போனால், கோபுரத்தைப் பார்த்தவர்களைவிடக் குழியைப் பார்த்தவர்கள்தான் திருப்தியாகத் திரும்பிப் போனார்கள்.

அவளுடைய கவலை விளக்கத்தைப் பற்றியது இல்லை. விளக்கத்தோடு கூடவே நடக்கிற மனிதரைப் பற்றியது. அவர் அவளுடைய கணவர் அந்துவான்.

பஞ்சாலையை மூடினதிலிருந்து அந்துவான் வீட்டில்தான் இருந்தார். குடிக்கிறவர் இல்லை, சண்டை போடுகிறவரும் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். ஆலையில் இருந்தவரை தறி ஏன் நின்றது, நூல் ஏன் அறுந்தது என்று அவரைக் கேட்காத ஆள் கிடையாது. ஆலை போனபிறகு, சாப்பிட்டீர்களா என்பதைத் தவிர அவரிடம் கேட்க யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார். ஒரு நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனவர், தனக்குச் சரியான வேகத்தில் நடக்கிற ஒரு துணையைக் கண்டுபிடித்தார். வாக்கிங் போகிற மற்றவர்களுக்கு நடக்கிற தூரத்தைவிட அரசியல் பேசுகிற தூரம்தான் அதிகம். இந்த இரண்டு பேரும் பேசுவதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரும், அவர் பக்கத்தில் அதுவும், அலையைப் பார்த்தபடி போவதைப் பார்க்க எங்களுக்கெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் நடை நீண்டுகொண்டே போனது. முதலில் இட்லி ஆறுவதற்குள் வந்தார்கள். பிறகு மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். பிறகு பொழுது சாய்ந்து வந்தார்கள். விளக்கத்தின் அடிப்பகுதியில் முதல் சன்னல்வரை முகத்துவாரத்துச் சேறு ஒட்டியிருந்தது, அந்துவானின் கால்சட்டையிலும் அதே சேறு. அமலுவுக்கு அதை அலசிப் பிழிகிறபோது பயம் வந்தது. காரணம், அந்துவானின் அண்ணன் ரெமி. அவரும் இப்படித்தான் ஒரு காலையில் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். வீடே நின்று பார்த்தது, காரியம் கெடக்கூடாது என்று ஒருவரும் எங்கே என்று கேட்கவில்லை. அம்மாகூட, தூரமாப்பா என்றுதான் கேட்டாள். கொஞ்ச தூரந்தான் என்று சொல்லிவிட்டுப் போனவர் பிரான்சில் ஏதோ ஓர் ஊரில் இருப்பதாக எவரோ வந்து சொன்னதோடு சரி, அந்த அம்மா கண்ணை மூடுகிறவரை வரவில்லை.

அமலுவுக்கு வாய் ஒன்றும் சின்னதில்லை. ஞாயிறு முழுக்க, அடுத்து நாம எங்க போறோம் தெரியுமா என்று ஊரார் பிள்ளைகளிடமெல்லாம் தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டிருப்பவள். தன் வீட்டு வாசலில் மட்டும் அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. “தூரமா?” என்பாள். “கொஞ்ச தூரந்தான்” என்பார் அவர். பாவி மனிதர் அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னால்தானே? போலீஸ்காரரிடம் போனாள். போவதைக் கேட்டால்தானே குற்றம், வருவதைக் கேட்கலாமே என்று, “அவங்க எந்தப் பக்கத்துலேருந்து வர்றாங்க சார்?” என்று கேட்டாள். “தெக்கேருந்தும்மா” என்றார். தெற்கே என்றால் கன்னியாகுமரிவரை தெற்குதான். பங்குச் சாமியாரிடம் போனாள்.

“சாமி, நீங்கதான் சகுனம் பாக்க மாட்டீங்களே. நீங்க ஒரு வார்த்தை அவரைக் கேளுங்க, எங்க போறீங்கன்னு.”

“நான் பாக்க மாட்டேன்மா” என்றார் சாமியார். “அவரு பாப்பாரே. மனுசன் மனசு சங்கடப்படக் கூடாதில்ல. நீ செபம் பண்ணு.”

அவள் செபமும் பண்ணினாள். அதற்கு அடுத்த ஞாயிறுதான் அந்துவான் பையோடு வந்தார்.

அன்று அமலு ஒரு கூட்டத்தை நடத்திக்கொண்டு வீதிகளையெல்லாம் முடித்து, சரியாகக் கடற்கரைச் சாலைக்குள் திரும்புகிறாள். எதிரே விளக்கம் குழியைவிட்டு வெளியே வந்து நிற்கிறது. பக்கத்தில் அவள் கணவர், சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கையில் ரெமி தூக்கிக்கொண்டு போனதைப் போல ஒரு துணிப்பை, நன்றாகப் புடைத்திருக்கிறது. வாக்கிங் போகிறவன் எவன் பையைத் தூக்கிக்கொண்டு போவான்? வழக்கம்போலச் சிரிப்பு மன்றம் ஒதுங்கியது, சாறு வண்டி ஒதுங்கியது, சிவப்புத் தொப்பிக்காரர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு சாலையை மறித்து வழி பண்ணினார். ஊர் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு மரியாதையாக ஒரு மனிதரை அனுப்பிவைக்கத் தயாராக நின்றது. அதைப் பார்க்க அமலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் நிற்கிறார்களே, இதில் ஒருத்தருக்காவது அவர் வேண்டியவர் இல்லையா என்று நினைத்தாள். தனக்கு வேண்டியவர், தானும் வாயை மூடிக்கொண்டுதானே நிற்கிறோம் என்றும் நினைத்தாள்.

“என்னங்க” என்றாள். “எங்க போறீங்க?”

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் சிரிப்பு மன்றத்தில் சிரிப்பு நின்றுபோனது. மீன்காரப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாறு விற்கிறவர் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கிய அடியை வைக்காமல் விளக்கம் அப்படியே நின்றது. அந்துவான் அவளைத் திரும்பிப் பார்த்தார், கோபமாகப் பார்க்கிறாரா என்றால் இல்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டு வெகுநாளான மனிதரை யாரோ கூப்பிட்டால் எப்படிப் பார்ப்பார், அப்படிப் பார்த்தார்.

“கேட்டுட்டியே” என்றார். “இப்ப வூட்டுக்குப் போயி தண்ணி குடிச்சுட்டு வரணும்.”

அந்துவானுக்கு வீடு பக்கம், ஒரு சொம்புத் தண்ணீர் போதும். விளக்கத்துக்கும் முறை முறைதானே. அது பின்பக்கமாகவே நடந்து குழிக்குள் இறங்கியது, பிறகு, கட்டின நாளிலிருந்து ஒருமுறைகூட உட்கார்ந்தறியாததால், எப்படி என்று கொஞ்சம் யோசித்து, நடுவில் ஒரு மடிப்பு விழ மெல்ல உட்கார்ந்தது. உச்சியிலிருந்த கண்ணாடி அறை ஆள் உயரத்துக்கு இறங்கி வந்தது. அடுத்து, ஒரு வாய் தண்ணீர் என்றால் யாருடைய வாய் என்று தகராறு. மனித வாய்க்கு ஒரு வாய் போதும், சாஸ்திரத்துக்குத்தானே என்றார் சாறு விற்கிறவர். அதெப்படி, குடிக்கிறவர் வாய்தான் கணக்கு என்று மீன்காரப் பெண்கள் மல்லுக்கு நின்றார்கள். போலீஸ்காரர் தண்ணீர் லாரி ஒன்றை நிறுத்தி, குழாயைக் கண்ணாடி அறைக்குள் விட்டார். உள்ளே சுழல் படிகளில் ஒவ்வொரு படியாகத் தண்ணீர் இறங்குகிற சத்தம் வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அமலுவின் கூட்டத்தில் வந்திருந்தவர்கள், நடையில் இதுவும் சேர்த்திதான்போல என்று கைதட்டினார்கள்.

வீட்டில் அந்துவான் நாற்காலியில் உட்கார்ந்தார். அமலு சொம்பை நீட்டினாள்.

“நீங்களும் உங்க அண்ணன் மாதிரி போயிடுவீங்கன்னு பயந்துட்டேன்” என்றாள். “பயத்துல எனக்குச் சோறு எறங்கல. எங்க போறீங்க, சொல்லிட்டுப் போங்க. போகவே கூடாதுன்னு சொல்லல.”

அந்துவான் தண்ணீரைக் குடித்து முடித்தார். “கடலூருக்கு” என்றார்.

“கடலூருக்கா?”

“அங்க முகத்துவாரத்துல ஒரு பழைய லைட் ஹவுஸ் இருக்காம். இது கட்டின நாள்லேருந்து எல்லாரும் வந்து இதப் பாத்துட்டுப் போறாங்க, இது போயி யாரையும் பாத்ததே இல்ல. அத ஒரு தரம் பாக்கணும்னு இதுக்கு ஆச.”

“இது உங்ககிட்ட சொல்லிச்சா?”

“கூட நடந்தா தெரியாதா?”

அமலு பையைப் பிடுங்கிப் பிரித்தாள். உள்ளே ஒரு சீப்பு பூவன் பழமும் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன. முதல்முறை ஒருத்தர் இடத்துக்குப் போகிறபோது வெறுங்கையை வீசிக்கொண்டு போக முடியாது என்று அந்துவான் விளக்கினார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப இத்தன நாளா போயி போயி ஏன் திரும்பி வந்தீங்க?”

“வழி தெரியல” என்றார் அந்துவான் தரையைப் பார்த்துக்கொண்டு. “ஆத்தங்கரையாண்ட போனதும் எந்தப் பக்கம் திரும்பறதுன்னு புரியல.”

“யாரையாவது வழி கேக்கறது.”

“நல்லா கேட்டே போ. வழி கேட்டா, எங்க போறீங்கன்னு அவன் கேப்பான். அப்புறம் அவ்ளோ தூரம் திரும்பி வந்து தண்ணி குடிக்கணும். ரெண்டு பேரும்.”

அதில் ஒரு தவறும் கண்டுபிடிக்க அமலுவால் முடியவில்லை. அவள் பிறந்து வளர்ந்ததும் அதே ஊரில்தான். செருப்பை மாட்டிக்கொண்டாள். வழிகாட்டுவது அவள் தொழில், கடலூர் வழி அவளுக்குத் தலைகீழாகத் தெரியும், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நேரே போக வேண்டியதுதான். கடற்கரைக்கு வந்து, தண்ணீர் குடித்து வயிறு குளிர்ந்து எழுந்து நின்ற விளக்கத்தையும், நடை இன்னும் முடியவில்லை என்று நம்பிக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, “அடுத்து நாம போகப் போறது கடலூர்” என்று யாரும் கேட்காமலே உரக்கச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். பாலத்தில் பேருந்துகள் நின்று வழிவிட்டன. விளக்கம் பாலத்தை நம்பாமல் ஆற்றில் இறங்கி நடந்தது. வழியெல்லாம் கரும்புச்சாறு குடித்தும், மரத்தடிகளில் உட்கார்ந்தும் போனார்கள், உட்காரப் பழகிய விளக்கம் இடம் கிடைத்த போதெல்லாம் உட்கார்ந்தது. சாலையோரத்து ஊர்க்காரர்கள் வெளியே வந்து பார்த்து, “தூரமா?” என்று கேட்டார்கள். பொழுது இறங்குகிற நேரத்துக்குக் கடலூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே ஒரு குழி இருந்தது. வட்டமாக, உள்ளே பழைய சுண்ணாம்பு வாசனையோடு. பக்கத்தில் டீக்கடை போட்டிருந்த பெண்ணிடம் அந்துவான், இங்கே இருந்த லைட் ஹவுஸ் எங்கே என்று விசாரித்தார்.

“அது காலையிலயே கெளம்பிடுச்சே” என்றாள் அவள்.

“எந்த ஊருக்கு?”

“நல்ல காரியத்துக்குக் கெளம்பறதப் போயி அப்டிக் கேக்கலாமா? தூரமான்னு கேட்டேன். கொஞ்ச தூரந்தான்னுச்சு.”

விளக்கம் குனிந்து குழிக்குள் வெகுநேரம் பார்த்தது. தன்னைத் தேடி வந்தவர்களெல்லாம் பார்த்துவிட்டுப் போன வெறுங்குழி எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தானும் பார்க்கிறது. பிறகு குழிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டது. வெளியூர்க்காரர்கள் குழியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்துவான் பழச் சீப்பைக் குழியின் விளிம்பில் வைத்தார். வைத்துவிட்டு, அப்படியே அமலுவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் முகம் வாடிப்போயிருந்தது.

“பாத்தியா” என்றார். “கெளம்பறப்ப நீ கேட்டே. காரியம் கெட்டுப்போச்சு.”

“கெட்டாக் கெடட்டும்” என்றாள் அமலு. “நாளைக்கும் கேப்பேன். நாளன்னைக்கும் கேப்பேன். நீங்க செருப்பு மாட்டற ஒவ்வொரு வாட்டியும் கேப்பேன். நீங்க உள்ள வந்து, ஒக்காந்து, எங்கன்னு சொல்லி, தண்ணி குடிச்சுட்டுத்தான் போவணும்.”

அந்துவான் பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட் ஒன்றைப் பிரித்து அவளிடம் நீட்டினார்.

“தெனமும்னா,” என்றார், “தண்ணிக்குப் பதிலா காபி குடுத்தா ஆகாதா?”